இருபத்தெட்டுக் கோடு

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு
தோஹாவிலிருந்து உன் குரல் வரும்.
சாப்பிட்டாயா என்பதற்கு முன்
கல்சியம் எவ்வளவு என்பாய்.

நானூற்று இருபது என்பேன்.

பகல் முழுக்க வாழைச்சேனை ஆஸ்பத்திரியில்
ஊரார் இரத்தத்துக்கு எண் எழுதுகிறவள் நான்.
ஒரு தசமம் பிசகினாலும்
திரும்பச் செய்து பார்த்துத்தான் கையொப்பம்.
உன் தொட்டிக்கு மட்டும்
மூன்று கிழமையாக
ஒரே எண்.

இன்று பொய் சொல்லப் பஞ்சியாக இருந்தது.

குப்பியைத் தொட்டித் தண்ணீரால் மூன்று தரம் அலசி
இரண்டு மில்லி எடுத்தேன்.
ஒரு கரண்டி தூள் போட
திருவிழாச் சர்பத் போலச் சிவந்தது.
ஊசியில் ஒரு மில்லி முழுசாய் இழுத்து
சொட்டு.
சுழற்று.
சொட்டு.
சுழற்று.
முழங்கையில் ஒரு நுளம்பு. குடிக்கட்டும்.
கை அசைந்தால் இரண்டு சொட்டாய் விழும்.
ஊதாவில் கொஞ்சம் தயங்கி நின்றது,
மறுகா திடீரென்று நீலம்.
கணக்கில் சேர்க்காமல் இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தேன்.
அதே நீலம்.

ஊசியில் மிச்சம் இருபத்தெட்டுக் கோடு.
நூறில் கழித்தால் எழுபத்திரண்டு.
கோட்டுக்கு ஐந்தாக
முந்நூற்று அறுபது.

குனிந்து பார்த்தேன்.
நீர்கொழும்புப் பண்ணைக்காரர் கடதாசியோடு தந்த
கட்டைவிரல் பருமன் முருகை,
நீ மான்கொம்பு என்று பெயர் வைத்தது,
நுனியில் வளரவேயில்லை.
அடியில் ஒரு நக அளவு தோல் விலகி
எலும்பு தெரிகிறது.

இந்தப் பேத்தாழை வாடகை வீட்டில்
சுண்ணாம்புக்கா பஞ்சம்?
தொட்டிக்குப் பின்னால் சாந்து பெயர்ந்த இடத்தில்
முருகைக்கல் பூப்பூவாய்த் தெரியும்.
கல்குடாக் கடலில் உடைத்து வண்டியில் ஏற்றி
பாதி சூளையில் வெந்து சாந்தாகி
பாதி வேகாமல் கல்லாகவே இருந்து
இரண்டுமாய்க் கூரையைத் தாங்குகின்றன.
சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளை.
அந்தச் சுவருக்கு முன்னால் நின்று
இருநூறு லீற்றருக்கு
பதினைந்து கிராம் நிறுக்கிறேன்,
மருந்துத் தராசில்,
மூச்சுப் பட்டால் முள் ஆடும் என்று
வாயைப் பொத்திக்கொண்டு.

அதற்கு மேல் ஒரு நாளைக்குக் கூடாது.
முதல் மாதம் இரண்டு போத்தலையும்
ஒன்றாய்க் கவிழ்த்தாயே, ஞாபகமா?
தொட்டி முழுக்கப் பால்.
விடிய அடியில் வெள்ளை மண்.
அவசரத்தில் சேர்ப்பதெல்லாம் கல்லாய்ப் போகும் என்று
நீதான் சொன்னாய்.
அடுத்த மாதமே விசா வந்தது.

ஒன்பது முப்பத்திரண்டு.

"கல்சியம் எவ்வளவு, சுகிர்தா?"

"முந்நூற்று அறுபது."

உன் பக்கம் யாரோ வெங்காயம் பொரிக்கிற சத்தம்.

"போன கிழமை நானூற்று இருபது எண்டாய்?"

"போன கிழமை நான் பாக்கல்ல.
அதுக்கு முதல் கிழமையும்தான்."

சத்தம் போடுவாய் என்று
போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்திருந்தேன்.
அதனால் நீ சொன்னதில் முதல் பாதி கேட்கவில்லை.

"...ஓவர்டைம் மூணு மாசமா இல்ல.
அனுப்பினது கடன்."

தொட்டியின் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.
மான்கொம்பின் மேல் ஒரு குமிழி ஏறி
உடைந்தது.
எவ்வளவு கடன் என்று நான் கேட்கவில்லை,
எண்ணை நீயாய்ச் சொல்லும் வரை
சுழற்றிக்கொண்டிருந்தேன்
வெறும் குப்பியை.

சொன்னாய்.

"இண்டைக்கு எத்தனை கிராம் போடுவாய்?"

"பதினைஞ்சு. விளக்கணைச்ச பிறகு, சொட்டுச் சொட்டா."

"நாளைக்கும் பாத்துச் சொல்லு."

நாளை சனிக்கிழமை.
சனிக்கிழமைகளில்
நீ எடுப்பதில்லை.